மீதி மூன்று நிமிஷம்

எங்கள் கல்லூரியில் குவாண்டம் கணினி கிடையாது. எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒன்றை இணையம் வழியே மாதம் பத்து நிமிஷம் ஓட்டலாம். ஆராய்ச்சி மாணவிகள் நாங்கள் இருவர். ஆளுக்கு ஐந்து நிமிஷம். நான் அதோடு நான்கு வருஷமாக மல்லுக்கட்டுகிறேன். அவள் வந்து நான்கு மாதம்.

இருவரும் ஒரே மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிட வேண்டும். இயந்திரம் நேராக விடை சொல்லாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சில பூஜ்யங்களும் ஒன்றுகளும் தரும், இரைச்சலால் அதிலும் சில தப்பு. ஆயிரக்கணக்கில் ஓட்டி எடுக்கும் சராசரிதான் எதிர்பார்ப்பு மதிப்பு. ஆற்றல் என்பது பல உறுப்புகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு உறுப்பையும் நான் தனித்தனியே அளந்தேன். பாதியிலேயே என் ஐந்து நிமிஷமும் தீர்ந்தது. அவள் இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டாள்.

எப்படி என்று கேட்டேன். அவள் அப்பா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறார்.

“முட்டையக் கையில எடுத்தா எடையும் தெரியுது, கீறலும் தெரியுதுங்கக்கா. ஒவ்வொண்ணுக்கும் வேற முட்டையா எடுக்கறோம்?”

ஒரே ஓட்டத்தில் சேர்ந்து படிக்கக்கூடிய உறுப்புகளை ஒன்றாகக் கட்டி, கனமான கட்டுக்கு அதிக ஓட்டம் கொடுத்திருந்தாள். இந்த முறையை நானும் படித்தவள்தான். இத்தனை சின்ன மூலக்கூறுக்கு எதற்கு என்று விட்டிருந்தேன். எனக்கு வயிறு எரிந்தது.

பெங்களூர் கருத்தரங்குக்கு ஒருவர் பெயரைத்தான் அனுப்ப முடியும். அவள் விடையை நான் சரிபார்க்க வேண்டும், ஒத்துவந்தால் அவள், இல்லாவிட்டால் நான் என்றார் பேராசிரியர். ஓட்டிப் பார்க்க என்னிடம் நிமிஷமில்லை. மீதியிருந்த மூன்றையும் அவளே கொடுத்தாள்.

தப்பாக வர வேண்டும் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டுதான் ஓட்டினேன். இதையெல்லாம் மாதாவிடம் கேட்கக் கூடாது. விடை அவளுடையதோடு அப்படியே ஒத்துப்போனது.

மறுநாள் காலை கல்லூரிப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு வந்தது என்று கேட்டாள். அன்று மதியத்துக்குள் பெயர் போக வேண்டும்.

“இயந்திரத்துல கூட்டம். இன்னும் வரலை” என்றேன்.

அவள் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு சொன்னாள்: “பரவால்லீங்கக்கா. அடுத்த மாசம் என்ற அஞ்சு நிமிசத்தையும் நீங்களே எடுத்துக்கோங்க. உங்களுக்குத்தான் பாதியில நிக்குது.”

அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். பேருந்து மல்லூர் தாண்டும்போது, அவளுடையதோடு ஒத்துவந்த அந்த விடையைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். முந்தின நாளே வந்துவிட்டது என்பதை மட்டும் அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை.