பாதி கப் தேநீர்

கூட்டத்துக்குப் புதிதாக வந்தவருக்குக் கண்ணாடிக்காரர் பாதி கப்தான் ஊற்றுவார். கெட்டில் நிறையத் தேநீர் இருந்தாலும் சரி, வந்தவர் முறைத்துப் பார்த்தாலும் சரி, பாதிக்கு மேல் ஒரு சொட்டு விழாது. வந்த அன்றே அவருக்குக் கஞ்சப் பிசினாறி என்று பட்டம் கட்டியவர்கள் உண்டு. அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் அடுத்த கப்புக்குப் போய்விடுவார். குடியை விட வந்தவனுக்கு ஆரம்பத்தில் கை நடுங்கும். நிறைந்த கப் தளும்பும், சட்டையில் கொட்டும், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பார்த்துவிட்டார்களே என்று கூசிப்போனால் அடுத்த வாரம் ஆள் வரமாட்டான். இதுதான் அவர் கணக்கு.

கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடி இல்லை, ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். மேசைமேல் கண்ணாடியைப் படுக்கவைத்து, ஸ்கேலை அழுத்திப் பிடித்து, கட்டரால் ஒரே இழுப்பு. இழுத்து முடிக்கும்வரை போன் அடித்தாலும் எடுக்கமாட்டார். பிறகு விளிம்பில் லேசாக ஒரு தட்டு. கோடு போட்ட இடத்தில் பிஸ்கட் போலப் பிரிந்து வரும். குடித்த காலத்தில் அது இஷ்டத்துக்குப் பிரிந்தது. "கண்ணாடிகிட்ட பொய் சொல்ல முடியாதுங்க. காலையில ஒரு கோடு இழுத்தா போதும், முந்தின நாள் எவ்வளவு உள்ள போச்சுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும்" என்பார். உடைந்த சில்லுகளை மனைவி பார்க்குமுன் அவசரமாக அள்ளியதில் கையெல்லாம் கீறல். குடித்திருக்கிறார் என்று மனைவி தெரிந்துகொள்ள அந்தக் கீறல்களே போதுமானவையாக இருந்தன.

குடியை விட நினைப்பவர்கள் வாராவாரம் கூடும் இந்தக் கூட்டத்தை அவர் தேடிப் போகவில்லை. நூலகத்தின் மேல்மாடியில் உடைந்திருந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடத்தான் போனார். வெளியே ஏணியில் நின்று சட்டத்தில் கண்ணாடி அசையாமல் பிடிக்கும் பட்டி பூசிக்கொண்டிருந்தபோது, உள்ளே ஒருவர், மகளின் பள்ளிக்கூட விழாவுக்குக் குடித்துவிட்டுப் போன கதையை எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை. கண்ணாடிக்காரருக்குக் கை நின்றுவிட்டது. சின்ன வேலை, கூட்டம் கலையும்வரை இழுத்தது. அடுத்த வாரம் பட்டி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க அதே நேரத்துக்கு ஏணியோடு வந்து நின்றார். அதற்கடுத்த வாரம் கொக்கி சரியாக விழுகிறதா என்று பார்க்க வந்தார்.

கூட்டத்தை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற நர்ஸம்மா. தானும் குடித்து, விழுந்து, எழுந்தவர். ஒரு நாள் அவரே ஜன்னலைத் திறந்து, "ஜன்னலுக்கு ஒண்ணும் இல்லைங்க. நீங்க உள்ள வந்து உக்காருங்க" என்றார். உள்ளே போனதும் அந்த அம்மா கொடுத்தது பாதி கப். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு குடித்தார். சிந்தவில்லை.

இப்போது தேநீர்ப் பொறுப்பு அவருடையது. எல்லாருக்கும் ஊற்றி முடித்ததும், வீட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய டம்ளரை விளிம்புவரை நிரப்பி, ஒற்றைக் கையில் ஏந்தி, அறைக்குக் குறுக்கே நடந்து கடைசி நாற்காலிக்குப் போவார். வேண்டுமென்றேதான் கடைசி நாற்காலி. குடும்பத்தாரையும் அழைத்திருந்த ஒரு கூட்டத்தில் இதைப் பார்த்த மனைவி, "உலகக் கோப்பையை ஜெயிச்சு எடுத்துட்டு வர்ற மாதிரி என்ன ஒரு நடை" என்று கேலி செய்தார். பெருமைதான். இருக்கட்டுமே, பாடுபட்டுச் சம்பாதித்த பெருமை.

அப்பேர்ப்பட்டவர் போன மாதம் கோட்டைவிட்டார். புதிதாக ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, தோளில் லேப்டாப் பை, நுனிநாக்கில் ஒரு வணக்கம். கூட்டத்தில் பேச வந்த டாக்டர் என்று இவராகவே முடிவு கட்டி, சாஸரோடு முழு கப்பை நீட்டிவிட்டார். வாங்கியவர் கையில் சாஸர் கடகடத்தது. அறை முழுக்கக் கேட்டது. தேநீர் வெள்ளைச் சட்டையில் இறங்கியது. போன் வருகிறது என்று சொல்லி வெளியே போன மனிதர் திரும்பவில்லை. அந்தப் போன் அடிக்கவே இல்லை என்பது இவருக்குத் தெரியும்.

அன்று பேசத் தன் முறை வந்தபோது கண்ணாடிக்காரர் எழுந்து நின்று, "நடுங்குற கை எதுன்னு எனக்குத் தெரியாதா? சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டேன். அவர் இனிமே வரலைன்னா அது என்னாலதான்" என்றார். வருவார் என்று நர்ஸம்மா சொல்லிப் பார்த்தார். இவருக்கு மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் கூட்டத்துக்கு முன் தெருமுனைவரை போய் வெள்ளைச் சட்டைகளையெல்லாம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வந்தார். ஒருவர் என்ன வேணும் என்று கோபமாகவே கேட்டுவிட்டார்.

இந்த வாரம் ஊற்றி முடித்து, நிறைந்த டம்ளரோடு பாதி அறை வந்திருப்பார். வாசலில் அதே லேப்டாப் பை. உள்ளே வருவதா, படியிறங்குவதா என்று தெரியாமல் நின்றார் அந்த மனிதர். கைகள் இரண்டும் பாக்கெட்டுக்குள் இருந்தன.

கண்ணாடிக்காரர் வந்த வழியே மேசைக்குத் திரும்பினார். தன் டம்ளரில் பாதியைக் கெட்டிலிலேயே கொட்டினார். சாஸர் இல்லாமல் ஒரு கப்பை எடுத்து அதிலும் பாதி ஊற்றினார். வாசலுக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றின்மேல் கப்பை வைத்துவிட்டு, மற்றதில் தான் உட்கார்ந்தார். அந்த மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணாடிக்காரர் தன் பாதி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்து, மெதுவாக வாய்க்குக் கொண்டுபோனார்.