நெடுந்தீவுக்கு மூன்று பேர்

கண்டிக்குப் பக்கத்து மலையூரான திகன கடைவீதியில் குழாயும் வாஷ் பேசினும் விற்கிற நஸீமின் மனைவி கைரியா, பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கம் ஊரார் பிள்ளைகளைக் கூட்டிப்போய் பறவையும் பூச்சியும் காட்டுகிறவளுக்கு, பெற்ற பிள்ளைகளோடு அப்படி ஒரு நாள் கிடைத்ததில்லை. குடும்பமாகப் போன இடமெல்லாம் கலியாண வீடும் சாவு நடந்த மையித்து வீடும்தான். ஒரே ஒரு தடவை திருகோணமலைக் கடற்கரை.

போன வருடம் அவள் தீர்மானித்துவிட்டாள். யாழ்ப்பாணத்துக்கும் அப்பால், கடல் நடுவில், குதிரைகள் கட்டாக்காலியாக மேயும் நெடுந்தீவு. பெப்ரவரியில் மூன்று நாள் லீவு சேர்ந்து வருகிறது. தீவில் அறை வாடகைக்கு விடும் தேவராணி என்ற பெண்ணைத் தேடிப்பிடித்து அவளே பேசினாள்.

"ஓம், வாங்கோ. மீன் மட்டும் சமைச்சுத் தாறன். கறண்ட் நிண்டா மட்டும் கோவிக்கக் கூடாது" என்றாள் தேவராணி.

பதினான்கு வயது இல்மா, "அங்க போன் கவரேஜ் ஈக்கா உம்மா?" என்று மட்டும் கேட்டாள். ஏழு வயது ஸிபான் அன்றிலிருந்து குதிரை மாதிரி கனைக்கத் தொடங்கிவிட்டான்.

நஸீம்தான் பிடிகொடுக்கவில்லை. கடையை யார் பார்ப்பது என்றான்; தம்பி பார்ப்பான் என்றாள். இவ்வளவு தூரம் வேன் ஓட்ட இடுப்பு வலிக்கும் என்றான். வவுனியாவில் ஓய்வெடுக்கலாம் என்றாள். "நுவரெலியா போவோமே, குளிரா ஈக்கும்" என்றான். திகனக்காரனுக்கு எதற்குக் குளிர் என்று அவளுக்குக் கோபம் வந்தது. இந்த மனிதனுக்குத் தன் ஆசை ஒரு பொருட்டே இல்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள்.

போவதற்கு முதல் வாரம், ஒரு பின்னேரம், அவன் கண்டி டவுனிலிருந்து ஒரு பெரிய பையோடு வந்தான். உள்ளே செம்மஞ்சள் நிற லைஃப் ஜாக்கெட்டுகள். சின்னது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பெரியது ஒன்று.

"படகில குடுக்கிறத நம்ப ஏலா. இத உடுத்திட்டுப் போங்க" என்றான்.

கைரியா மூன்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எங்க?"

அவன் பையை மடித்துக்கொண்டே நின்றான். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"பன்னெண்டு வயசில மகாவலி கங்கையில குளிக்கப் போய் சுழியில மாட்டிட்டேன். யாரோ ஒரு மனுஷன் தலமுடியப் புடிச்சு இழுத்துப் போட்டார். அதுக்குப் பொறகு முழங்காலுக்கு மேல தண்ணி வந்தா எனக்கு மூச்சு எடுக்க ஏலா, கைரியா."

பதினாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு இது தெரியாது. திருகோணமலையில் எல்லோரும் குளிக்க, அவன் மட்டும் செருப்புகளுக்குக் காவல் இருந்தது ஞாபகம் வந்தது. சோம்பேறி என்று அன்று பிள்ளைகள் முன்னால் சிரித்தவள் அவள்தான்.

"ஏன் சொல்லல்ல?"

"ஆம்பள எப்பிடி இதச் சொல்ற?"

"அப்ப பயணத்த நிப்பாட்டுவோம்."

"வாணாம். படகு ஜெட்டி வரைக்கும் நான் ஓட்டிட்டு வாறேன்."

சொன்னபடியே ஓட்டி வந்தான். முதல் நாள் யாழ்ப்பாணத்தில் தங்கி, மறுநாள் காலை குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனார்கள். படகு தயாராக நின்றது. ஸிபான் கையைப் பிடித்து இழுக்க, நஸீம் ஒரு காலைத் தூக்கிப் படகு விளிம்பில் வைத்தான். படகு லேசாக ஆடியது. முகம் வெளிறிப்போய் காலைப் பின்னால் எடுத்துவிட்டான். பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள்.

"போதும், நில்லுங்க" என்று கைரியா அவன் தோளைத் தொட்டாள். "நாங்க போயிட்டு வாறோம்."

படகு நகர்ந்தபோது கரையில் அவன் உருவம் சிறுத்துக்கொண்டே போனது. அது மறையும்வரை அவள் கையசைத்தாள்.

தீவில் காய்ந்த புல்வெளியில் குதிரைகள் நின்றன. ஒன்றின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. ஸிபான் கனைப்பதை மறந்து அந்தக் குட்டியையே பார்த்தான். இல்மா யாரும் சொல்லாமலேயே போனை உள்ளே வைத்தாள். கைரியா எத்தனையோ மாதம் காத்திருந்த காட்சி. ஆனாலும் மனது பாதி அக்கரையிலேயே கிடந்தது.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவனுக்கு அழைத்தாள். அவனுடைய குரலில் சோகமே இல்லை.

"கைரியா, இங்க ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் கடல்தானே? அந்த ஆழமில்லாத தண்ணியில ரோஸ் கலர்ல பறவ! நூறு ஈக்கும். தலைகீழா சொண்ட வெச்சுத் திங்குது. வேன விட்டு இறங்காம ரெண்டு மணித்தியாலம் பாத்தேன்."

"அல்லாவே, அது பூநாரை! நான் ஒரு நாளும் கண்டதில்ல!" அவளுக்குச் சிரிப்பும் பொறாமையும் ஒன்றாக வந்தன. "வெரட்டிடாதீங்க!"

மறுநாள் பின்னேரம் அவர்களை ஏற்றிக்கொண்டு நேரே அங்கேதான் வேனை நிறுத்தினான். நூறு இல்லை, முப்பது இருக்கும். கைரியா ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தாள். நஸீம் அவளுக்குப் பக்கத்தில் நின்று, எது ஆண், எது பெண், எது என்ன தின்கிறது என்று கைநீட்டிச் சொல்லிக்கொண்டே போனான். பாதி பிழைதான். அவள் ஒன்றையும் திருத்தவில்லை.