சல்லிக்காசு செலவில்லாத கார்

லிஃப்ட் கம்பெனியில் எஸ்டிமேட் போடுகிறவர் என்பதால் அவருக்கு எஸ்டிமேட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆபீசில் வைத்த பெயர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்து, மூன்று மாடி ஏறி, கடைசியில் பெற்ற மகள் வாயிலும் புகுந்துகொண்டது. "அம்மா, எஸ்டிமேட் குளிச்சாச்சா?" என்று அவள் கேட்பாள். அதட்ட வேண்டிய தாய், "இன்னும் ரெண்டு சொம்பு பாக்கி" என்பாள். ஒரு குளியலுக்கு எத்தனை சொம்பு என்று அந்த மனிதர் வரையறுத்து வைத்திருந்தார்.

தாய்க்காரி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறவள். பத்தொன்பது வருட அனுபவம். விரலால் ஒரு தடவு தடவினால் போதும், எந்தக் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்துவிடுவாள். இரண்டாவது முறை குத்தினாள் என்ற பேச்சே கிடையாது. புருஷனின் நரம்பு எங்கே ஓடுகிறது என்பதும் அவளுக்குத் தெரியும். அங்கே குத்திப் பிரயோஜனமில்லை என்பதும் தெரியும். ரத்தம் வராது, சதவீதம்தான் வரும்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் எஸ்டிமேட் எலக்ட்ரிக் கார் வாங்கினார். வாங்குவதற்கு முன் ஏழு மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டார். நாற்பத்திரண்டு வரி. இடது பக்கம் பெட்ரோல் கார், வலது பக்கம் எலக்ட்ரிக் கார். விலை, பதிவு, இன்சூரன்ஸ், டயர், சர்வீஸ், எட்டு வருடம் கழித்து விற்றால் என்ன தேறும் என்பது வரைக்கும் எல்லாம் இருந்தது. முப்பத்தாறாவது வரியில் 'மனைவியின் பஸ் செலவு' என்று போட்டு, பெட்ரோல் பக்கத்தில் ஒரு பெரிய தொகையும் எலக்ட்ரிக் பக்கத்தில் ஒரு பூஜ்யமும் எழுதியிருந்தார்.

"ஏங்க, பெட்ரோல் கார் வாங்கினா மட்டும் நான் எதுக்குப் பஸ்ல போகணும்?" என்று அவள் கேட்டாள்.

"அதுல உன்னைத் தினம் கொண்டுவிட்டா கட்டுப்படி ஆகாதும்மா."

கட்டிய பெண்டாட்டி கட்டுப்படி ஆகிற வண்டி இதுதான் என்று முடிவாயிற்று. நாலாவது வருடம் ஆறாவது மாதத்திலிருந்து லாபம் என்றது கணக்கு. அந்தக் கட்டத்துக்கு மட்டும் பச்சை நிறம் அடித்து, பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். பெண்பிள்ளை பிறந்தபோதுகூட அவர் அப்படி எதையும் எடுத்துக் காட்டியதில்லை.

பிறகு உலகம் தன் வேலையைக் காட்டியது. இரண்டாவது வருடமே இன்சூரன்ஸ் எகிறியது. பேட்டரியைச் சுமக்கிற வண்டி யானைக் கனம் கனக்க, நாற்பத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் என்று எழுதியிருந்த டயர் இருபத்து நாலாயிரத்தில் வழுக்கையானது. அதே காரின் விலையைக் கம்பெனி திடீரென்று குறைத்துவிட, இவர் வண்டியின் மறுவிற்பனை மதிப்பு பாதிக்கு இறங்கியது. கீழே வண்டி நிறுத்துமிடத்துக்குத் தனி மின்சார லைன் இழுக்க குடியிருப்புச் சங்கம் கேட்ட தொகையைப் பார்த்து எஸ்டிமேட் நாலு நாள் கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். பச்சைக் கட்டம் நகர்ந்துகொண்டே போனது. ஐந்தாவது வருடம், ஆறாவது வருடம், ஏழரை. பேட்டரிக்கு உத்தரவாதமே எட்டு வருடம்தான்.

கணக்கு தப்பினால் மற்றவர்கள் கணக்கைத் திருத்துவார்கள். எஸ்டிமேட் குடும்பத்தைத் திருத்தினார்.

தனி லைன் வேண்டாம் என்றார். சார்ஜ் செய்ய ஒரு காசு கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தார். ஊரில் எங்கெங்கே இலவசமாகச் சார்ஜ் ஏற்றலாம் என்று பட்டியல் போட்டார். நூலக வாசலில் ஒன்று, ஒரு ஃபர்னிச்சர் கடையில் ஒன்று, ஆபீசில் மேனேஜர் லீவு போடுகிற நாட்களில் ஒன்று. காரில் ஏசி போட்டால் சார்ஜ் இறங்கும். கண்ணாடியை இறக்கினால் காற்று தடுக்கும். ஆகவே உச்சி வெயிலில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசி இல்லாமல், நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் மூன்று பேரும் இட்லிப் பானைக்குள் போல வெந்தார்கள். டிக்கியில் கிடந்த குடை கனம் என்று வீட்டுக்குள் போயிற்று. மேம்பாலம் வந்தால் மகளை இறங்கி நடக்கச் சொல்லவில்லை; ஆனால் அவள் உடம்பை ஒரு பார்வை பார்ப்பார்.

"நான் வேணா ரெண்டு கிலோ குறைச்சுட்டு வந்து ஏறட்டுமாப்பா?" என்பாள் அவள்.

ஃபர்னிச்சர் கடை விவகாரம் தனிக்கூத்து. பொருள் வாங்க வருகிறவர்களுக்குத்தான் அங்கே சார்ஜ் இலவசம். எஸ்டிமேட் மூன்று வருடமாக அங்கே சோபா பார்த்துக்கொண்டிருந்தார். வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம். உட்கார்ந்து பார்ப்பார், அழுத்திப் பார்ப்பார், நாடாவை எடுத்து அளப்பார். அவளும் கூட உட்கார வேண்டும். தனியாக வந்தால் சந்தேகப்படுவார்களாம்.

கடை விற்பனையாளர் பொறுமைசாலி. ஒரு நாள் அருகில் வந்து குனிந்து கேட்டார்.

"சார், இந்த சோபால நீங்க உக்காந்து உக்காந்தே பள்ளம் விழுந்துருச்சு. வேற யாருக்கும் இதை விக்க முடியாது. பாதி விலைக்குத் தரட்டுமா?"

"கலர் யோசிக்கணும்" என்றார் எஸ்டிமேட்.

"மேடம், நீங்களாவது சொல்லுங்க."

அவள் தலையைக் குனிந்து, சோபாவின் தையலை எண்ணிக்கொண்டிருந்தாள். வெட்கம் வந்து, போகும்போது இளக்காரமாக மாறியிருந்தது. அவள் அதை அப்போதே அடையாளம் கண்டுகொண்டாள்.

ஆரம்பத்தில் அவர்மேல் அவளுக்குப் பரிதாபம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் போட்ட முதல் எஸ்டிமேட் தப்பிப்போய், முதலாளி அதை அத்தனை பேர் முன்னாலும் வரிவரியாக வாசித்துக் காட்டிச் சிரித்தாராம். கல்யாணமான புதிதில் இதைச் சொல்லி அவர் அழுதிருக்கிறார். அதிலிருந்துதான் போட்ட கணக்கு தப்பாகக் கூடாது என்கிற பேய் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? முதல் செட் டயரோடு பரிதாபமும் தேய்ந்துபோனது. டயரை மாற்றினார்கள்.

இவ்வளவையும் அவள் பொறுத்துப்போயிருப்பாள். வேலையில் கைவைத்தபோதுதான் பொறுமை போயிற்று. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கக் காத்திருக்கிறவர்கள் ஒரு நிமிடம் தாமதித்தாலும் சுவரை இடிக்கிற ஜாதி. நூலக வாசலில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போனதில் ஆறு மாதத்தில் ஒன்பது நாள் தாமதம். ஒன்பதும் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையில் இருந்தது.

இந்த நேரத்தில்தான் நிலையத்துக்கு ஊரின் மறுகோடியில் புதிய கிளை திறந்தார்கள். பெரிய மேடம் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"உங்க கை மாதிரி இங்க யாருக்கும் கை கிடையாது. புதுக் கிளைக்கு நீங்கதான் ஹெட்னு நான் எழுதிட்டேன். ஆனா இந்தச் சிவப்பு மையைப் பார்த்துட்டு மேல கேக்கறாங்க. திங்கக்கிழமை காலையில ஏழு மணிக்கு சாவியோட நீங்க கதவைத் திறக்கணும். ஏழு அஞ்சுன்னா உங்க ஜூனியர்தான் ஹெட். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஜூனியர் என்பவன் அவளிடமே ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டவன். இன்றும் மூன்று தடவை குத்துகிறான். அவன் கீழே வேலை பார்ப்பதா? சாவியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றுதான் சொன்னாள். எஸ்டிமேட் கேட்கவில்லை. முப்பத்தாறாவது வரி கெட்டுவிடும் என்று சொல்ல வாய் வராமல், "முதல் நாள் புருஷன் கொண்டுவிட்டாத்தான் மரியாதை" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் ஏமாந்தாள். இருபது வருடப் பழக்கம் சும்மாவா?

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினார்கள். காரில் பதினொரு சதவீதம். போக வேண்டியது இருபத்திரண்டு கிலோமீட்டர். முப்பது போகும் என்று திரை காட்டியது. அவள் கண் அந்த எண்ணிலேயே இருந்தது. மனசுக்குள் கழித்துப் பார்த்துக்கொண்டாள். போதும்.

நூலகம் வந்ததும் எஸ்டிமேட் இண்டிகேட்டர் போட்டு உள்ளே திருப்பினார்.

"என்னங்க இது? போய்ச் சேர்ந்துடுமே."

"போய்ச் சேர்ந்துடும். திரும்பி வரணும்ல? அந்தப் பக்கம் இலவசம் ஒண்ணும் கிடையாது. நாற்பது நிமிஷம்தான், உக்காரு."

"மணி ஆறு. நாற்பது நிமிஷம் நின்னு, அப்புறம் உங்க வேகத்துல போனா ஏழேகால் ஆகும்."

"ஏழு பத்து."

"ஏழு அஞ்சுக்கே எனக்குப் பதவி போச்சு. அடுத்த சிக்னல்ல காசுக்குப் போடுறாங்க, பத்து நிமிஷத்துல ஏறிடும். நான் தர்றேன் காசு. ரெண்டு காபி விலை."

எஸ்டிமேட் அவளைப் பார்த்த பார்வை, குழந்தையைக் கிணற்றில் போடச் சொன்னவளைப் பார்க்கிற பார்வை. "மூணு வருஷமா ஒரு பைசா குடுக்கலை. ரெண்டு காபிக்காக அதைக் கெடுக்கச் சொல்றியா? ஒரு நாள் லேட்டானா தலையா போயிடும்? அவங்களும் மனுஷங்கதானே, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க."

அவர் கேபிளை எடுத்து, அதன் முனையைச் சட்டை நுனியால் துடைத்து, பதமாகச் செருகினார். அவள் கைகளைப் பற்றும்போது இவ்வளவு பதம் அவருக்கு வந்ததில்லை. அவள் கதவைத் திறந்து இறங்கினாள். கைப்பையைத் தோளில் மாட்டி ரோட்டைக் கடந்தாள். முதல் பஸ் அரைத்தூக்கத்தில் வந்து நின்றது. சீட்டு வாங்கும்போது கண்டக்டர் சில்லறை கேட்டார், வைத்திருந்தாள்.

பஸ் நின்ற இடத்திலிருந்து அரை கிலோமீட்டர் ஓட்டமும் நடையும். ஆறு ஐம்பத்து நாலுக்கு ஷட்டரைத் தூக்கினாள். வாசலில் ஏற்கெனவே எட்டுப் பேர், எட்டுப் பேரும் பசியில் கடுகடுவென்று. அவர்களுக்குப் பின்னால், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பெரிய மேடம்.

"வந்துட்டீங்களே! இன்னைக்கு வீட்டுக்காரர் கொண்டுவிடலையா?"

"இல்ல மேடம். அதனாலதான் வந்துட்டேன்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிவேட்டை நீட்டினார். நீல மை. பெயருக்கு நேராகப் பதவியும் போட்டிருந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள். "நாளையிலிருந்து?" என்று கேட்டார் மேடம். "பஸ்தான்" என்றாள்.

மதியம் வரை முப்பத்தொரு பேர். ஒரே குத்து, முப்பத்தொரு தடவை. குழாய்களைப் பெயர் ஒட்டிக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு எஸ்டிமேட் நின்றார். தோளில் பூணூல் மாதிரி கேபிள்.

"ஹெட்டாயிட்டியாமே! வாழ்த்துகள்" என்றார். வாய் அவளிடம் இருந்தது. கண் சுவரின் அடிப்பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தது. நூலகத்தில் காலையில் கரண்ட் போய்விட்டதாம், ஆபீசில் மேனேஜர் வந்துவிட்டாராம், இங்கே வந்து சேரும்போது இரண்டு சதவீதமாம். குளிர்பெட்டியின் பிளக்கைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதை ஒரு இருபது நிமிஷம் கழட்டிக்கலாமா? ஜன்னல் வழியா கேபிளை விட்டா கரெக்டா எட்டும். இனிமே தினம் மத்தியானம் வந்துடறேன். நீதான் இங்க ஹெட்டாச்சே, யார் கேக்கப்போறாங்க?"

அவள் அவரைப் பார்த்தாள். ஓடிவந்த ஓட்டம், அந்தக் கையெழுத்து, பத்தொன்பது வருடம் எல்லாம் சேர்ந்து இந்த மனுஷன் கண்ணில் சுவரில் இருக்கிற மூன்று துளையாகத் தெரிந்திருக்கிறது. கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கோபப்பட எதிரில் ஒரு ஆள் வேண்டுமே.

"உள்ள முப்பத்தொரு பேரோட ரத்தம் இருக்கு. பிளக்குல கை வச்சீங்கன்னா செக்யூரிட்டியைக் கூப்பிடுவேன்."

"புருஷனையா?"

"யாரா இருந்தாலும்."

"அப்ப வண்டியை என்னம்மா பண்றது?"

"காசு குடுத்து சார்ஜ் போடுங்க. அடுத்த தெருவுல இருக்கு."

எஸ்டிமேட் யோசித்தார். உதடு அசைந்தது, விரல் மடங்கியது. திடீரென்று முகத்தில் ஒரு வெளிச்சம். "அட, இன்சூரன்ஸ்ல வருஷத்துக்கு ஒரு தடவை வண்டியை இழுத்துட்டுப் போறது இலவசம்! இந்த வருஷம் இன்னும் எடுக்கவே இல்லை!" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தார்.

ஒரு மணி நேரத்தில் தட்டையான லாரி ஒன்று வந்தது. சங்கிலி போட்டுக் காரை முதுகில் ஏற்றியது. டிரைவர் பக்கத்தில் எஸ்டிமேட் ஏறி உட்கார்ந்து, சீட்டை அழுத்திப் பார்த்தார். லாரி நகரும்போது கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற பெண்டாட்டிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். சக்கரம் சுழலாமல் கார் தெருமுனை தாண்டிப் போயிற்று.

"மேடம், அது உங்க சொந்தக்காரரா?" என்று வரிசையில் முதலில் உட்கார்ந்திருந்த கிழவர் கேட்டார்.

"கையை மேசைமேல வைங்க. கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்றாள் அவள்.