கண்ணாடிக் குளத்தின் பன்னிரண்டு மீன்கள்

எங்கள் வீட்டில் கோழிமுட்டை என்ற சொல்லைக்கூட அடுக்களைக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்த அப்பா, தெருவில் கருவாட்டு வண்டி வரும் ஓசை கேட்டால் கல்லாவை விட்டெழுந்து உள்ளே போய்விடுவார். வண்டி திருப்பத்தைக் கடந்த பிறகே மீண்டும் வந்து அமர்வார். அத்தகைய வீட்டுக்குள் ஒரு நாள் உயிருள்ள மீன்கள், கடையின் முன்வாசல் வழியாகவே, பித்தளைக் குடத்தில் அமர்ந்து வந்து சேர்ந்தன. அவற்றை அழைத்து வந்தவர் சித்தப்பா.

சித்தப்பா தேயிலைத் தோட்டந்தோட்டமாகச் சென்று துணி விற்று வருபவர். துரைமார் யாரேனும் சீமைக்குத் திரும்பினால் அவர்களுடைய தட்டுமுட்டுகள் ஏலத்துக்கு வரும். ஏலம் என்று காதில் விழுந்தால் போதும், சித்தப்பாவின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பிவிடும். குதிரையே இல்லாத எங்கள் வீட்டுக்கு ஒரு சேணம் அப்படித்தான் வந்தது. குடைகளை நிறுத்திவைக்கும் உயரமான சாடி ஒன்றும் வந்தது. அதில் அம்மா முருங்கைக்காய் வைத்திருந்தாள். அந்த ஆண்டு நமுனுகுல மலைச்சரிவில் இருந்த ஒரு பங்களாவிலிருந்து, பித்தளை விளிம்பு போட்ட பெரிய கண்ணாடிப் பெட்டியொன்று வந்தது. துரைசானி அதில் ஏதோ இலைச்செடிகளை வளர்த்தாளாம்.

"இதுக்குள்ள என்னத்தக் கொழுந்தனாரே வைக்கிறது?" என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பா அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டார். அடுக்களையில் சித்தி இருந்தாள்.

சித்தி மணம் முடித்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கப்பலேறி, புகைவண்டியில் பண்டாரவளை வரை வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலை இறங்கிப் பதுளைக்கு வந்தவள். அப்போது இருப்புப்பாதை எங்கள் ஊரை எட்டவில்லை. மதுரைப் பக்கத்தில் அவள் பிறந்த வீடு கோயில் குளத்தின் கரையிலேயே இருந்ததாம். வாசற்படி முடியும் இடத்தில் குளத்துப் படி தொடங்குமாம். இங்கே வந்த நாளிலிருந்து அவள் அழவில்லை, யாரோடும் மனத்தாங்கல் கொள்ளவுமில்லை. சொன்ன வேலையைச் செய்தாள். கேட்ட கேள்விக்கு விடை சொன்னாள். அவ்வளவுதான். சாப்பிட உட்காருவாள், இலையில் சோறு மட்டும் குறையாது. அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். எதிர்வீட்டு அத்தை தாயத்து வாங்கி வந்து கட்டினாள். இரண்டும் பலிக்காமல் போகவே, ஆவணி பிறந்ததும் அவளை ஊருக்கு அனுப்பி வைக்கலாம் என்று பெரியவர்கள் பேசத் தொடங்கினார்கள். போனால் திரும்பி வருவாளா என்பதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார்.

இந்த நிலையில்தான் அவர் கடை வண்டிக்காரரையும் ஒரு பழைய வேட்டியையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஊர் ஆறான ஓயாவுக்குப் போனார். குடத்தில் வந்த மீன்களுக்கு வண்டிக்காரர் வைத்த பெயர் கெண்டைப்பொடி. என் சுண்டுவிரல் நீளங்கூட இல்லை. வெள்ளி உடல், விலாவில் மையால் இழுத்தாற்போல ஒரு கோடு. ஆற்று மணலும் நீர்ப்பாசியும் இட்டு, ஆற்று நீரையே நிரப்பி, கண்ணாடிப் பெட்டியைக் கூடத்துச் சன்னலோரம் வைத்து, மீன்களை அதில் விட்டார். அவை முதலில் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி நின்றன. பிறகு எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தன. ஒன்று திரும்பினால் அத்தனையும் திரும்பின; எது முதலில் திரும்பியது என்று எத்தனை நேரம் பார்த்தாலும் தெரியவில்லை. சித்தி அடுக்களை வாசலில் மாவுக் கையோடு வந்து நின்றாள்.

கடையிலிருந்து அப்பா வந்தார்.

"என்னடா இது? மச்சத்தக் கொண்டாந்து நடுவீட்டுல வச்சிருக்க?"

"மச்சம் இல்லண்ணே, மீனு. உசிரோட இருக்கு."

"உசிரோட இருந்தா பேரு மாறிப்போகுமா?"

"கோயில் கொளத்துலயும் இதானே இருக்கு? அங்க மட்டும் பொரி வாங்கிப் போட்டுக் கும்புடுறோம்?"

அப்பா சாத்திரத்துக்கு அஞ்சியவர். ஆகையால் சாத்திரத்தைக் கொண்டே அவரை மடக்கிவிடலாம். நெடுநேரம் தொட்டியைப் பார்த்தார். பிறகு தீர்ப்பு வந்தது. கோயில் குளத்து மீனாகக் கருதி இவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சைவ வீட்டுக்குள் மீன் சாவது தகாது. ஒன்று செத்தாலும் அன்றைக்கே பெட்டி மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும்.

"மொத்தம் எத்தன?"

"பன்னெண்டுண்ணே."

"பன்னெண்டு. தெனமும் நானே எண்ணிப் பாப்பேன்" என்று அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்.

என்னைப் பார்த்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. தம்பியின் மனைவியோடு மூத்தவர் நேருக்கு நேர் பேசும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. சித்திக்குச் சொல்ல வேண்டியதை அப்பா என்னிடமோ தூணிடமோ சொல்வார். சித்தியும் தன் மறுமொழியை என்னிடமே சொல்வாள். எட்டு வயதில், அவர்கள் இருவருக்கும் இடையே நான் ஒரு தபாற்காரியாக இருந்தேன்.

அன்று முதல் மாலைதோறும் கடையடைத்து, கைகால் கழுவி, திருநீறு பூசிக்கொண்டு அப்பா தொட்டியின் முன் வந்து நிற்பார். விரலை நீட்டி, உதடுகள் அசைய எண்ணுவார். ஏழு வரை செல்வதற்குள் மீன்கள் எல்லாம் திரும்பிவிடும். மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார். முதல் மாலையில் அவர் மூன்றாம் முறை தொடங்கியபோது, அடுக்களைக்குள்ளிருந்து மூக்கால் வெளிப்பட்ட ஒரு சிரிப்பு கேட்டது. சித்தி வந்த பிறகு அந்த வீடு கேட்ட அவளுடைய முதற் சிரிப்பு அதுதான். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "பன்னெண்டு. சரியா இருக்கு" என்று, பக்கத்தில் நின்ற எனக்கு வேண்டியதைவிடச் சற்று உரக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

சித்தி மீன்களை வளர்த்த முறை பார்க்கத் தக்கது. நீர் முழுவதையும் ஒருபோதும் மாற்றமாட்டாள். ஒரு பங்கை முகந்து செடிக்கு ஊற்றிவிட்டு, வெயிலில் வைத்து ஆற்றிய நீரை அளந்து விடுவாள். வெந்த பருப்பை விரல் நுனியில் நசுக்கி, கடுகளவு இடுவாள். "மேலாப்புல வந்து தின்னாத்தான் பசி, பாப்பா. அடியில விழுறது வீண்" என்பாள். அதன் பிறகு அவளுக்குப் பேச்சு தடைப்படவில்லை. தன் ஊர்க் குளத்தையும், அதன் மீன்களையும், பொரி விற்கும் கிழவர் தானே பாதிப் பொரியைத் தின்றுவிடுவதையும் சொல்லிக்கொண்டே தானும் இரண்டு கவளம் கூடுதலாக உண்டாள். அம்மா அதைக் கண்டும் காணாதவள் போல இன்னும் ஒரு கரண்டி பரிமாறுவாள்.

எல்லாவற்றையும் கெடுத்தது அப்பாவின் தீர்ப்புத்தான். கோயில் குளத்து மீன் என்று அவர் சொன்ன சொல் தெரு முழுவதும் பரவிவிட்டது. எங்கள் தெருக் கோயிலுக்குக் கிணறு உண்டு, குளம் இல்லை. கடல் கடந்து வந்த பெண்கள் குளத்தில் செய்ய வேண்டிய வேண்டுதல்களை எல்லாம் ஆண்டுக்கணக்கில் நிலுவையில் வைத்திருந்தார்கள். ஓர் ஆடி வெள்ளியன்று, சித்தி கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், எதிர்வீட்டு அத்தை கையில் வெல்லக்கட்டியோடு வந்தாள். அவள் கழுத்தில் ஒரு மரு இருந்தது. வெல்லம் குளத்தில் கரைவதைப் போல மருவும் கரையும் என்பது ஊர் நம்பிக்கை.

"கொஞ்சூண்டுதான் போடுறேன், மதினி."

"மீனுக்கு ஆகுமோ என்னமோ" என்றாள் அம்மா.

"தித்திப்பு யாருக்கு ஆகாது?"

வேண்டுதலோடு வந்தவளைத் தடுப்பது பாவமென்று அம்மா ஒதுங்கி நின்றாள். அத்தையைத் தொடர்ந்து, பிள்ளை வேண்டி ஒருத்தி பொரி போட்டாள். உடம்புப் புண் ஆற ஒருத்தி உப்பும் மிளகும் போட்டாள். நானும் என் பங்குக்கு, கணக்குப் பாடம் வர வேண்டுமென்று ஒரு பிடி பொரி போட்டேன். கண்ணாடிக் குளம் அன்று கழுநீர்ப் பானையைப் போல ஆயிற்று.

சித்தி திரும்பி வந்து பார்த்து, முந்தானையைச் செருகிக்கொண்டு நீரை முகக்கத் தொடங்கினாள். விடியும்போது ஏழு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. சித்தப்பாவோ அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போயிருந்தார். வாரக் கடைசியில்தான் வருவார். நானும் சித்தியும் அந்த ஏழு மீன்களையும் பூவரச இலையில் பொதிந்து, கொல்லைச் செம்பருத்தியின் அடியில் புதைத்தோம்.

"பெரியவங்க எண்ணிருவாங்க, பாப்பா" என்றாள் சித்தி. "கொட்டாயில மாடு மூச்சு விட்டாலே இதுக செத்துப்போகும். மீதியும் போயிரும்."

மீந்த ஐந்தும் நீந்தவில்லை. பாசியின் பின்னால் ஒன்றையொன்று உரசிக்கொண்டு, நிறம் வெளுத்து நின்றன. கூட்டம் குறைந்தால் அவற்றுக்குத் துணிவும் குறைந்துவிடும் போலும். சித்தியும் அன்று உண்ணவில்லை. ஆவணிக்கு இன்னும் அதிக நாள் இல்லை என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாலையில் அப்பா திருநீறு பூசிக்கொண்டு வந்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுக்களையில் பாத்திர ஓசை நின்றுபோயிற்று. அன்று எண்ணுவது மிக எளிது. மீன்கள் அசையவே இல்லை. அப்பா விரலை நீட்டினார். உதடுகள் அசைந்தன, நெடுநேரம் அசைந்தன.

"பன்னெண்டு" என்றார் உரக்க. "சரியா இருக்கு."

அவர் சாப்பிடப் போன பிறகு நானும் சித்தியும் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சித்தியின் கண்களில் நீர் வழிந்தது. சிரிப்பு மிகுந்துவிட்டது என்று நான் எண்ணினேன். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது என்பது என் முடிவு. அவருக்காகச் சிறிது வருந்தவும் செய்தேன்.

மறுநாள் எதிர்வீட்டு அத்தை மறுபடியும் வெல்லத்தோடு வந்தபோது, அப்பா கடையிலிருந்தே குரல் கொடுத்தார். "கொளத்து மீனெல்லாம் வெரதம் இருக்கு, தங்கச்சி. கார்த்திகை கழியட்டும்." மீன்கள் விரதம் இருக்கும் என்று அன்றுதான் அறிந்தேன், பள்ளிக்கூடத்தில் அதை மூன்று பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

அந்த வாரம் முழுவதும் ஐந்து மீன்களைப் பார்த்துப் பன்னிரண்டு என்றே அப்பா சொல்லிவந்தார். சித்தப்பா வந்து செய்தி அறிந்ததும், ஓயாவுக்கு ஓடிப்போய், பதற்றத்தில் அளவு தெரியாமல் ஒரு குடம் நிறைய அள்ளி வந்துவிட்டார். தொட்டி வெள்ளியால் கொதித்தது. ஐந்தும் பாசியை விட்டு வெளியே வந்து கூட்டத்தில் புகுந்தன. பிறகு எவை அந்த ஐந்து என்றே தெரியவில்லை. அன்று மாலை அப்பா வந்து நின்றார். மீசை ஒருமுறை அசைந்தது.

"பன்னெண்டு" என்றார். சற்றுப் பொறுத்து, "கொஞ்சம் வளந்திருக்கு போல" என்று தூணிடம் சொன்னார்.

ஆவணி வந்தது, போயிற்று. சித்தி ஊருக்குப் போகவில்லை. அடுத்த ஆண்டு தன் தங்கையின் கலியாணத்துக்குப் போய், சொன்ன நாளில் திரும்பி வந்தாள். வந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் தொட்டியிடம்தான் போனாள்.

வெகுகாலம் வரை அப்பாவை ஏமாற்றிவிட்டோம் என்ற பெருமை எனக்கு இருந்தது. கட்டவிழாத துண்டு மூட்டையின் மடிப்புகளை ஒரு பார்வை பார்த்து, "ஒண்ணு கொறையுது" என்று அவர் சொல்வதைக் கடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பின்னாளில் நானும் ஒரு வீட்டுக்குத் தம்பி மனைவியாகப் போனேன். வந்த புதிதில் ஒரு நாள், அடுக்களையில் நான் யாருக்கும் தெரியாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒருநாளும் பேசியிராத என் கணவரின் தமையனார் கூடத்தில் நின்று, சுவரிலிருந்த நாட்காட்டியிடம், "பதுளைக்கு நாளைக்கு வண்டி போகுது. ஆள் ஏற எடமிருக்கு" என்று உரக்கச் சொன்னார்.

அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருந்தேன். பன்னிரண்டு என்று சொன்ன மாலைகளில் எல்லாம் அப்பாவின் முகம் தொட்டியை நோக்கி இருந்தது. குரல் மட்டும் அடுக்களையை நோக்கி இருந்தது. எட்டு வயதில் நான் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.