வேறு கருத்து உண்டா?

பல்கலைக்கழகத்தில் பாடம் எடுப்பவனுக்குத் தொண்டை வலி பழகிவிடும்; கேள்வி கேட்டால் வகுப்பு மொத்தமும் ஒரே பதிலைச் சொல்வதுதான் பழகாது. இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலை மலைகளில், ஹட்டன் பக்கம் நான் சமூகவியல் எடுத்தபோது நடந்தவை இவை.

ஒரே குரல்

மக்கள்தொகையை எண்ணும் குடிசன மதிப்பீடு முடிந்திருந்த சமயம். தேயிலைத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த எங்களை அரசாங்கம் காலங்காலமாக 'இந்தியத் தமிழர்' என்றே எழுதிவந்தது. "நம்மை என்ன பெயரில் பதிந்திருக்க வேண்டும்?" என்று கேட்டேன். "மலையகத் தமிழர்!" என்று எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். என் கருத்தும் அதுதான். இருந்தாலும், "வேறு கருத்து உண்டா?" என்றேன்.

அக்கரப்பத்தனையிலிருந்து வந்த சசிகலா எழுந்தாள். "எங்கப்பா இந்தியத் தமிழர்னுதான் பதியச் சொன்னாரு சேர். அதுக்கு அவருக்குன்னு ஒரு காரணம்..." முடிக்க விடவில்லை. மாணவர் சங்கச் செயலாளர் ரமேஷ் பின்வரிசையிலிருந்து கத்தினான்: "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம சனம் இன்னும் தோட்டத்து லய வீட்டுலயே கெடக்குது!"

நல்ல மனிதர்

மறுநாளிலிருந்து சசிகலாவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. கென்டீனுக்குள் அவள் நுழைந்தால் பேச்சு நின்றது. கூடத் தங்கியிருந்த தோழிகூட வேறு அறைக்குப் போய்விட்டாள். துறைத் தலைவரிடம் முறையிட்டேன். நல்ல மனிதர், பயந்தவர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அந்தப் புள்ளைக்கு நல்லது செய்யணும்னா, பேசாம அடுத்த பாடத்துக்குப் போயிருங்க."

குடைக்குள்

ஒரு மழைச் சாயங்காலம் பஸ்ஸுக்கு நின்றேன். ரமேஷ் என் குடைக்குள் வந்து ஒதுங்கினான். "எங்க தாத்தாவும் இந்தியத் தமிழர்னுதான் சொல்றாரு சேர்" என்றான். "அப்ப ஏன் அந்தப் பிள்ளையை அப்படிப் பேசினாய்?" என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்: "நான் கத்தலன்னா, என்னையப் பார்த்துக் கத்துவாங்க சேர்."

பக்கம் மாறி

துறைத் தலைவர் சொன்னபடி அடுத்த பாடத்துக்கு நான் போகவில்லை. ஒரு விவாதம் வைத்தேன்: அவரவர் எதிர்ப்பக்கத்துக்காகப் பேச வேண்டும். ரமேஷ் தாத்தாவின் பக்கம் பேசினான். இந்த நாடு குடியுரிமையைப் பறித்து, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்ற காலத்தில் அவருக்கென்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான் என்றான். யாரும் மேசையைத் தட்டவில்லை.

பிறகு சசிகலா மலையகத் தமிழர் என்ற பெயருக்காகப் பேசினாள். சங்கக் கூட்டத்தில்கூட அப்படி ஒருவரும் பேசியதில்லை. "எதிர்ப்பக்கத்த எப்படி இவ்வளவு நல்லாப் பேசுன?" என்று ரமேஷ் அசந்துபோய்க் கேட்டான்.

"எதிர்ப்பக்கம் இல்லண்ணா. நான் மலையகத் தமிழர்னுதான் பதிஞ்சேன். அப்பா சொல்றதையும் ஒரு தடவ கேளுங்கன்னு சொல்லத்தான் அன்னைக்கு எந்திரிச்சேன்."

தோழி பழைய அறைக்குத் திரும்பினாள், தாத்தா பக்கம் பேசியதற்காக ரமேஷ் சங்கத்தில் ஏச்சு வாங்கினான், அவனும் சசிகலாவும் அந்தப் படிப்புத் தவணை முழுக்க ஒரு விஷயத்திலும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவு நிம்மதியான வகுப்பு எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவே இல்லை.