தட்டுச் சத்தம்

சமையலறையில் மகளின் கையிலிருந்து எவர்சில்வர் தட்டு நழுவிக் கணகணவென்று விழுந்தது. எங்கள் கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா கரண்டியால் தட்டைத் தட்டும் அதே சத்தம்.

மரக்கிளை தலையில் விழுந்த பிறகு, அப்பாவுக்கு எங்கள் முகமெல்லாம் தெரிந்தது. வீட்டுக்கு வரும் வழிதான் தெரியவில்லை. லயத்தில் வரிசையாக ஒரே மாதிரிப் பன்னிரண்டு வீட்டுக் கதவுகள். சாயங்காலம் அம்மா தட்டுவார். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அப்பா வந்துவிடுவார்.

ஒருநாள் பனிமூட்டத்தில் அவரைக் காணோம். உதவுகிறோம் என்று மற்ற வீட்டுக்காரர்களும் தட்டைத் தட்டினார்கள். வந்து சேர்ந்த அப்பா நடுமுற்றத்தில் நின்று சிரித்தார்.

“எல்லாரும் கூப்புட்டா நான் எங்கதான் போறது?”

“இங்க வாங்கண்ணே!” என்றார்கள் எல்லா வாசலிலும்.

நாலு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் எங்கள் கதவுக்கு வந்தார்.

மகள் கீழே போட்ட தட்டை எடுத்து வைத்தேன். யாரும் வரப்போவதில்லை என்று தெரியும். ஆனாலும் போய் வாசல் கதவைத் திறந்து வைத்தேன்.