கிணற்றடியில் தள்ளி நின்றவர்

மங்கையர்க்கரசி அக்கா காலமான செய்தியைச் சண்டிலிப்பாயிலிருந்து உடுப்பிட்டிக்கு வந்து சொன்னவள் யோகம். "ரீச்சர், அக்கா விடிய மோசம் போயிட்டா" என்றவள் செத்தவீட்டுத் துடக்கென்று படலைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அக்காவோடு படிப்பித்தவர்களும் அவரிடம் தையல் பழகியவர்களும் யோகத்தை அறிவீர்கள். அவளின் சம்மதத்தோடுதான் அக்காவின் இந்த நினைவுக் குறிப்பை எழுதுகிறேன்.

நான் கலியாணம் முடித்த புதிதில், அக்கா தையல் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனேன். தாயில்லாத யோகம் என் வகுப்பில் இருந்தாள். தகப்பன் விடியமுன் புகையிலைத் தோட்டத்துக்குப் போய்விடுவார். பக்கத்துப் பிள்ளைகளின் கொப்பிகளைக் கிழிப்பாள். ஒருத்தியைக் கடித்தும் இருக்கிறாள். ஒருமுறை நான்கு நாள் வராமலிருந்து வந்தாள். வகுப்பின் முன்னால் நிறுத்திக் காரணம் கேட்டேன். பின்வாங்கிலிருந்து ஒருத்தி, "உவ பெரிசாயிட்டா ரீச்சர். தண்ணி வாக்கத்தான் ஆளில்லை" என்றாள். வகுப்பே சிரித்தது. யோகம் எறிந்த மைப்போத்தல் என்மீது வந்து விழுந்தது.

அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்படி அதிபருக்குக் கடிதம் எழுதினேன்.

வெள்ளி பின்னேரம் அதை அக்காவிடம் காட்டினேன். "குடுத்திட்டீரோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லை. திங்கக்கிழமை."

"அப்ப ரண்டு நாள் கிடக்கு. அந்தப் பிள்ளை உம்மிலை எறியேல்லை. சிரிப்பிலை எறிஞ்சது. நீர் முன்னுக்கு நிண்டிட்டீர்."

சனிக்கிழமை காலை என்னை யோகத்தின் வீட்டுக்குக் கூட்டிப்போனார். வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தாயோ மாமியோ முன்னின்று தண்ணீர் வார்க்க வேண்டும். யோகத்துக்கு இருவருமில்லை. அக்கா கணவனை இழந்தவர். "நான் வாத்தால் நாளைக்குப் பிள்ளையைத்தான் கதைப்பினம். உம்மடை கையாலை வாரும்" என்றார்.

யோகம் என்னைப் பார்த்து, "நீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றேன். கிணற்றடிக்குப் போய் வாளியை எடுத்தேன்.

முருங்கை மரத்தடியில், உழுத்தங்களிச் சட்டியோடு, அக்கா பத்தடி தள்ளி நின்றார். "கண்ணை மூடு பிள்ளை, சீயாக்காய் எரியும்" என்று அங்கிருந்தே சொன்னார். மூன்றாம் வாளியில் யோகத்தின் தோள்கள் குலுங்கின. பிறகு களியை ஊட்டிவிட்டபடி அக்கா சொன்னார்: "கோவம் வந்தால் தையலறைக்கு வா. அங்கை எறியிறதுக்கு ஊசிதான் கிடக்கு."

யோகம் முதல்தடவையாகச் சிரித்தாள்.

கடிதத்தை நான் கொடுக்கவில்லை. யோகம் ஒரே நாளில் திருந்திவிடவுமில்லை. அடுத்த ஒரு வருடம் இடைவேளைகளில் தையலறைக்கு ஓடினாள். அக்கா புத்தி சொல்லி நான் கேட்டதில்லை. இருவரும் பேசாமலிருந்து துணி விளிம்பு மடித்துத் தைப்பார்கள்.

அக்காவின் எட்டுச் செலவன்று, அந்த எட்டாம் நாள் சடங்கில், யோகத்திடம் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன்.

"தெரியும் ரீச்சர்."

"அக்கா சொன்னவவோ?"

"இல்லை. தண்ணி வாக்கேக்கை நீங்கள் என்ரை முகத்தைப் பாக்கவேயில்லை. என்னை நிப்பாட்டத்தான் நினைச்சனீங்களெண்டு அப்பவே விளங்கினது."

இப்போதெல்லாம் வராமலிருந்து வரும் பிள்ளையிடம் நான் வகுப்பில் காரணம் கேட்பதில்லை. விறாந்தைக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். அவளாகப் பேசும்வரை நிற்க முடிகிறது. அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தப் பொறுமையை.